பலமிதி கோட்டை: 999 படிகளும் போடாத இரண்டு கையெழுத்தும்

கிரேக்க நாட்டுக்கு விடுமுறையில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏதென்ஸில் இறங்குவார்கள், அக்ரோபொலிஸைப் பார்ப்பார்கள், பிறகு கப்பலேறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய்விடுவார்கள். கையில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்திருப்பவர்கள்தான் ஏதென்ஸிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாஃப்பிலியோவுக்கு பஸ் பிடிப்பார்கள். இன்றைக்கு அது கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்ன, அழகான ஊர். சிவப்பு ஓட்டுக் கூரைகள், குறுகலான சந்துகள், துறைமுகத்தை ஒட்டிய காப்பிக் கடைகள்... இந்த ஊர்தான் 1834 வரை சுதந்திர கிரேக்கத்தின் தலைநகராக இருந்தது என்று சொன்னால் நம்புவது கடினம்.

ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தால் நம்பலாம். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழுந்து நிற்கிறது 216 மீட்டர் உயரப் பாறை மலை ஒன்று. அதன் உச்சி முழுவதையும் சுற்றி வளைத்தபடி ஒரு கோட்டை. அதன் பெயர் பலமிதி!

தமிழில் எழுதும்போது பெயர் வேடிக்கையாக அமைந்துவிடுகிறது. பல மிதி மிதித்து ஏற வேண்டிய மலைதான் இது. உண்மையில் இந்தப் பெயர் பலமீடிஸ் என்ற கிரேக்கப் புராண வீரனிடமிருந்து வந்தது. அந்த வீரனின் கதைக்கும் இந்தக் கோட்டையின் கதைக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் மலை ஏறுவோம்.

படிகள் எத்தனை?

ஊரில் யாரைக் கேட்டாலும் 999 படிகள் என்பார்கள். ஆயிரமாவது படியை கொலோகோட்ரோனிஸ் என்ற தளபதியின் குதிரை மிதித்து உடைத்துவிட்டது என்று ஒரு கதையும் சொல்வார்கள். இது கதைதான். எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை. கோட்டை வாசல் வரை 857 என்ற எண் அதிகமாகச் சொல்லப்படுகிறது. வெயில் காலத்தில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறவருக்கு 857-ம் ஒன்றுதான், 999-ம் ஒன்றுதான்!

படிகள் பாறையின் முகத்தில் வளைந்து வளைந்து போகின்றன. சில இடங்களில் கல் வளைவுகளுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். பலர் மிதித்து மிதித்துத் தேய்ந்த படிகள் சில இடங்களில் வழுவழுவென்று இருக்கும். ஏறும் பக்கம் ஊரைப் பார்த்தபடி மேற்கு நோக்கி இருப்பதால் காலையில் மலையின் நிழல் படிகளின் மேல் விழும். மதியத்துக்கு மேல் ஏறுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. முடியாதவர்களுக்கு மலையின் பின்புறமாகக் கார் போகும் சாலை ஒன்று இருக்கிறது.

ஏற ஏற ஊர் கீழே சுருங்கிக்கொண்டே போகிறது. ஆர்கோலிஸ் வளைகுடாவின் நீலமும், நடுவே குட்டித் தீவின் மேல் பூர்ட்சி என்ற கடற்கோட்டையும், சற்றுத் தாழ்ந்த இன்னொரு பாறை மேல் ஆக்ரோநாஃப்பிலியா என்ற பழைய கோட்டையும் தெரியும். ஒரு சின்ன ஊருக்கு மூன்று கோட்டைகள் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். பதில் எளிது. இந்தத் துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ, தெற்கு கிரேக்கமான பெலொப்பொனீஸின் சாவி அவர் கையில். அதற்காகத்தான் வெனிஸ் நகரக் குடியரசும் துருக்கிய ஓட்டோமான் பேரரசும் மாறி மாறிச் சண்டை போட்டன.

மூன்று வருடம் கட்டியது, எட்டு நாளில் போனது

1540-ல் வெனிஸிடமிருந்து ஓட்டோமான்கள் கைக்கு வந்த நாஃப்பிலியோவை, 1686-ல் வெனிஸ் தளபதி பிரான்செஸ்கோ மொரோசினி மீண்டும் பிடித்தார். (அடுத்த வருடமே ஏதென்ஸில் பார்த்தெனான் கோயிலின் மேல் குண்டு போட்டு அதைச் சிதறடித்த படையும் இவருடையதுதான்.) மொரோசினியின் படை நாஃப்பிலியோவைப் பிடித்த விதம் கவனிக்க வேண்டியது. அப்போது பலமிதி மலையின் மேல் இன்றுள்ள கோட்டை கிடையாது. வெனிஸ் வீரர்கள் அந்த மலையைப் பிடித்து, பீரங்கிகளை ஏற்றி, மேலேயிருந்து ஊரை அடித்தார்கள். ஊர் தாங்கவில்லை.

நாம் செய்ததை நாளை எதிரியும் செய்வான் என்பது வெனிஸ்காரர்களுக்குப் புரிந்தது. மலை உச்சியில் கோட்டை கட்ட முடிவு செய்தார்கள். அகோஸ்டினோ சாக்ரெடோ என்ற அதிகாரியின் பொறுப்பில் 1711 முதல் 1714 வரை வேலை நடந்தது. அந்தக் காலத்துக்கு இது மிகவும் நவீனமான கோட்டை. ஒரே பெரிய மதிலை நம்பாமல் எட்டுக் கொத்தளங்களைக் கட்டினார்கள். ஒவ்வொரு கொத்தளமும் தனியாக நின்று சண்டை போடக் கூடியது. எதிரி ஒன்றைப் பிடித்தாலும் மற்றவற்றிலிருந்து அவனைச் சுடலாம். மழை நீரைச் சேர்த்து வைக்கப் பெரிய தொட்டிகளும் இருந்தன. வாசல்களின் மேல் வெனிஸின் சின்னமான சிறகு முளைத்த சிங்கத்தைச் செதுக்கி வைத்தார்கள். அந்தச் சிங்கங்களை இன்றும் பார்க்கலாம்.

இத்தனை செய்தும் என்ன நடந்தது? 1715 ஜூலையில் ஓட்டோமான் தலைமை அமைச்சர் டமாட் அலி பாஷா பெரும் படையோடு வந்தார். சுமார் எட்டே நாளில் கோட்டை விழுந்தது! பெலொப்பொனீஸைக் காக்க வெனிஸ் வைத்திருந்த படை மிகச் சிறியது. கோட்டை கட்டப் பணமும் பொறியாளரும் கிடைத்தார்கள், அதில் நின்று போராடப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. 1718-ல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு வெனிஸ் இந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

கோட்டைகளைப் பற்றிப் படிக்கும்போது மதிலின் உயரம், கனம், பீரங்கிகளின் எண்ணிக்கை இவற்றைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மதிலுக்குள் நிற்பவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் முக்கியம் என்று பலமிதி முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது.

1822: அந்திரேயா திருநாள் இரவு

அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் பலமிதியில் துருக்கியக் கொடி பறந்தது. 1821-ல் கிரேக்க சுதந்திரப் போர் வெடித்தது. போரின் மிகப் பெரிய தளபதி தியோடோரோஸ் கொலோகோட்ரோனிஸ். 1770-ல் பிறந்தவர். பத்து வயதில் தந்தையைச் சண்டையில் இழந்தவர். மலைகளில் ஆயுதம் ஏந்தித் திரிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சாக்கிந்தோஸ் தீவில் ஆங்கிலேயர்கள் அமைத்த கிரேக்கப் படைப்பிரிவில் சேர்ந்து மேஜர் பதவி வரை உயர்ந்தவர். போர் தொடங்கும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதனால் "கிழவர்" என்பதே அவருக்குச் செல்லப் பெயர்.

அவரை ஒரு மாசற்ற மகானாக நினைத்துவிட வேண்டாம். 1821 இலையுதிர் காலத்தில் அவருடைய படைகள் திரிப்போலிட்சா நகரைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம், யூதக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. அந்தப் போரின் மிகப் பெரிய களங்கங்களில் அது ஒன்று. இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட படுகொலைகள் நடந்த கொடூரமான போர் அது.

1822-ல் டிரமாலி பாஷா என்ற துருக்கியத் தளபதி, முற்றுகையில் தவித்துக்கொண்டிருந்த நாஃப்பிலியோவை மீட்கப் பெரிய படையோடு வந்தார். கொலோகோட்ரோனிஸ் நேருக்கு நேர் மோதவில்லை. வழியில் பயிர்களை எரிக்கச் செய்தார். உணவும் தண்ணீரும் கிடைக்காமல் டிரமாலியின் படை திரும்பத் தொடங்கியது. திரும்பும் வழியில் டெர்வெனாக்கியா என்ற குறுகிய மலைக் கணவாய். அங்கே இருபுறமும் மறைந்திருந்த கிரேக்கர்கள் அந்தப் படையைச் சின்னாபின்னமாக்கினார்கள். நாஃப்பிலியோவுக்கு இனி உதவி வராது என்பது உறுதியானது.

ஊருக்குள் பஞ்சம் முற்றியது. பலமிதியில் காவலும் குறைந்தது. பழைய நாட்காட்டிப்படி 1822 நவம்பர் 29 இரவு, ஸ்டைக்கோஸ் ஸ்டைக்கோபூலோஸ் என்பவரின் தலைமையில் சுமார் 350 பேர் இருட்டில் மலையேறினார்கள். கோட்டையிலேயே பலவீனமான ஒரு கொத்தளத்தில் ஏணி வைத்தார்கள். முதல் ஆள் உள்ளே குதித்து வாசலைத் திறந்துவிட்டான். விடிந்தபோது பலமிதி கிரேக்கர்கள் கையில்! அன்று நவம்பர் 30, புனித அந்திரேயாவின் திருநாள். அதனால்தான் கோட்டைக்குள் இருக்கும் சின்னத் தேவாலயத்துக்கும், அது இருக்கும் கொத்தளத்துக்கும் புனித அந்திரேயாவின் பெயர்.

சில நாளில் ஊரும் சரணடைந்தது. இந்த முறை திரிப்போலிட்சா திரும்ப நடக்கவில்லை. ஹாமில்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் கேப்டனின் வற்புறுத்தலும் சேர்ந்து, ஊரிலிருந்த துருக்கியர்கள் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு வந்த சண்டை

எதிரி போனதும் நண்பர்கள் அடித்துக்கொள்வது உலக வழக்கம். கிரேக்கத்தில் எதிரி முழுதாகப் போவதற்கு முன்பே அது ஆரம்பித்துவிட்டது. 1824, 1825-ல் உள்நாட்டுப் போர். தோற்ற அணியில் இருந்த கொலோகோட்ரோனிஸை ஹீத்ரா தீவின் ஒரு மடத்தில் சிறை வைத்தார்கள். எகிப்தியத் தளபதி இப்ராஹிம் பாஷா பெரிய படையோடு வந்து இறங்கியதும், வேறு வழியில்லாமல் விடுதலை செய்து சண்டைக்கு அனுப்பினார்கள்.

1827-ல் நவரினோ கடற்போரில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஓட்டோமான், எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. கிரேக்கத்தின் விடுதலை உறுதியானது. நாட்டின் முதல் தலைவர் கபோதிஸ்திரியாஸ். அவரும் நிலைக்கவில்லை. 1831 அக்டோபரில் நாஃப்பிலியோவில் புனித ஸ்பிரிதோன் தேவாலயத்துக்கு வழிபடப் போனபோது வாசலிலேயே கொலை செய்யப்பட்டார். அவருடன் பகை கொண்ட ஒரு பெரிய கிரேக்கக் குடும்பத்தினர்தான் கொன்றார்கள்.

நாடு சீர்குலைந்தது. மூன்று வல்லரசுகளும் சேர்ந்து ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. பவேரிய இளவரசர் ஓட்டோ. வயது 17! 1833 தொடக்கத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நாஃப்பிலியோ வந்து இறங்கினார். ராஜா மைனர் என்பதால் அவர் சார்பில் பவேரியர்களைக் கொண்ட ஆட்சிக்குழு ஒன்று நாட்டை ஆண்டது. மொழி தெரியாது, மக்களைத் தெரியாது. வருடக்கணக்கில் போராடிய கிரேக்க வீரர்களின் படைகளைக் கலைத்துவிட்டு, பவேரியச் சிப்பாய்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அதிருப்தி வளர்ந்தது. அதிருப்தியாளர்களுக்கெல்லாம் தலைவராக யாரைப் பார்ப்பார்கள்? கிழவர் கொலோகோட்ரோனிஸைத்தான்.

1833 செப்டம்பரில் அவரையும் பிளாப்பூத்தாஸ் என்ற இன்னொரு தளபதியையும் கைது செய்தார்கள். மாதக்கணக்கில் தனிச்சிறை. குற்றச்சாட்டு: ராஜத்துரோகம். ஆட்சிக்குழுவைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள், ரஷ்யாவின் தலையீட்டை நாடினார்கள் என்பது வழக்கு. கொலோகோட்ரோனிஸ் ரஷ்ய அமைச்சர் நெஸ்ஸல்ரோடுக்குக் கடிதம் எழுதியது உண்மைதான். ஆனால் ஒரு கடிதம் எழுதுவதும் ஆயுதக் கிளர்ச்சிக்குச் சதி செய்வதும் ஒன்றா?

ஐந்து நீதிபதிகள்

1834 ஏப்ரல் கடைசியில் விசாரணை தொடங்கியது. நாஃப்பிலியோவின் பழைய மசூதி ஒன்றுதான் நீதிமன்றம். அரசுத் தரப்பு வக்கீல் எட்வர்ட் மேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஐந்து நீதிபதிகள். தலைமை நீதிபதி அனஸ்தாசியோஸ் பொலிசோயிடிஸ். வயது 32 தான். இன்னொருவர் சாக்கிந்தோஸ் தீவைச் சேர்ந்த ஜியோர்ஜியோஸ் டெர்ட்செடிஸ். கவிதையும் எழுதுகிறவர்.

சுமார் நான்கு வாரம் சாட்சிகள் வந்து போனார்கள். கடைசியில் நீதிபதிகள் கூடி ஓட்டுப் போட்டபோது மூன்று பேர் மரண தண்டனை என்றார்கள். பொலிசோயிடிஸும் டெர்ட்செடிஸும் மறுத்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது அவர்கள் நிலை. ஓட்டுக் கணக்கில் அவர்கள் தோற்றுவிட்டார்கள். வழக்கப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பெரும்பான்மை முடிவை ஏற்று, "எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும்..." என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் தீர்ப்பில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள்!

நீதித்துறை அமைச்சர் ஸ்கினாஸ் சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். இருவரும் அசையவில்லை. நீதிமன்ற மேடையில் வந்து உட்காரவாவது வேண்டும் என்று உத்தரவு போனது. அதற்கும் மறுத்தார்கள். கடைசியில் சிப்பாய்கள் துப்பாக்கிச் சனியன்களோடு வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பழைய நாட்காட்டிப்படி 1834 மே 26. தீர்ப்பு வாசிக்கப்படும்போது தலைமை நீதிபதி பொலிசோயிடிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் எழுதாத, தான் ஏற்காத தீர்ப்பு தன் நீதிமன்றத்திலேயே வாசிக்கப்படுவதைத் தடுக்க அவரிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

இருவரின் பதவியும் போனது. அதோடு விடவில்லை. கடமையைச் செய்ய மறுத்தார்கள் என்று அவர்கள் மேலேயே வழக்குப் போட்டுக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த வழக்கில் இருவரும் விடுதலையானார்கள்.

தளபதிகளின் கதி என்ன ஆனது? தலைமை நீதிபதியே கையெழுத்துப் போடாத தீர்ப்பை வைத்துக்கொண்டு, நாட்டின் மிகப் பெரிய போர் வீரனின் தலையை வெட்ட ஆட்சிக்குழுவுக்குத் துணிச்சல் வரவில்லை. மரண தண்டனை 20 வருடச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கொலோகோட்ரோனிஸ் பலமிதிக்கு அனுப்பப்பட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எந்தக் கோட்டையை மீட்க வழி செய்தாரோ, அதே கோட்டையில் கைதி! சுமார் ஒரு வருடம் அங்கே இருந்தார். 1835-ல் ஓட்டோ வயதுக்கு வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார். 1843-ல் ஏதென்ஸில் காலமானார்.

இதில் ஒரு சுவாரஸ்யமான பின்கதை உண்டு. கொலோகோட்ரோனிஸுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அவருடைய நினைவுகளை அவர் வாயால் சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதியவர் யார் தெரியுமா? அதே டெர்ட்செடிஸ்தான்! கிழவருக்கு எதிரான தீர்ப்பில் தன் பெயரை எழுத மறுத்த அதே கை, அவருடைய வாழ்க்கை முழுவதையும் எழுதி வைத்தது. கிரேக்க சுதந்திரப் போரைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் புரட்டும் முக்கியமான நூல்களில் அது ஒன்று.

கொத்தளங்களின் பெயர்கள்

இப்போது கோட்டைக்குத் திரும்பலாம். மேலே போகிறவர்கள் முதலில் தேடுவது "கொலோகோட்ரோனிஸ் சிறை" என்று பலகை போட்ட அறையைத்தான். புனித அந்திரேயா கொத்தளத்தில் இருக்கிறது. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து உள்ளே போக வேண்டிய, வெளிச்சமே இல்லாத கல் குகை போன்ற இடம். அவர் உண்மையிலேயே இந்த அறையில்தான் இருந்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றால் சிறை என்றால் என்ன என்பது தெரிந்துவிடும்.

அதைவிட யோசிக்க வைப்பவை மற்ற கொத்தளங்களின் பெயர்கள். கோட்டை தங்கள் கைக்கு வந்த பிறகு கிரேக்கர்கள் கொத்தளங்களுக்குப் பழங்கால வீரர்களின் பெயர்களை வைத்தார்கள். மில்டியாடிஸ், தெமிஸ்டோக்ளிஸ், ஃபோக்கியோன், எபமினோண்டாஸ், லியோனிடாஸ், அக்கிலிஸ். இவற்றோடு புனித அந்திரேயா ஒன்று, கிரேக்கர்களுக்காகப் போராடி உயிர்விட்ட ராபர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் ஒன்று. மொத்தம் எட்டு. 1822-ல் ஏணி வைத்த பலவீனமான கொத்தளத்துக்குத்தான் அக்கிலிஸ் என்று பெயர். குதிகாலில் அடிபட்டுச் செத்தவன் அல்லவா, பொருத்தம்தான்!

மற்ற பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள்.

மில்டியாடிஸ்: கி.மு. 490-ல் மராத்தான் போரில் பாரசீகர்களை வென்றவர். அடுத்த வருடம் ஒரு படையெடுப்பில் தோற்றதற்காக ஏதென்ஸ் மக்கள் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 50 டேலன்ட் அபராதம். கட்ட முடியாமல், காயத்தோடு சிறையிலேயே இறந்தார்.

தெமிஸ்டோக்ளிஸ்: கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரை வென்று ஏதென்ஸைக் காப்பாற்றியவர். பிறகு நாடு கடத்தப்பட்டார். துரோகக் குற்றச்சாட்டும் வந்தது. தப்பி ஓடிப் போய் எதிரியான பாரசீக மன்னனிடமே அடைக்கலம் புகுந்தார்.

எபமினோண்டாஸ்: ஸ்பார்ட்டாவின் வல்லமையை உடைத்த தீப்ஸ் நகரத் தளபதி. வெற்றியோடு திரும்பியவரை, பதவிக் காலம் முடிந்தும் படையை நடத்தினார் என்று கூண்டில் ஏற்றினார்கள். இவர் மட்டும் தண்டனையின்றித் தப்பித்தார்.

ஃபோக்கியோன்: ஏதென்ஸில் 45 முறை தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கி.மு. 318-ல், எண்பது வயதுக்கு மேல், துரோகி என்று சொல்லி விஷம் கொடுத்துக் கொன்றார்கள். பிறகு அதே ஊர்க்காரர்கள் வருந்தி அவருக்குச் சிலை வைத்தார்கள்.

எட்டுக் கொத்தளங்களில் நான்கு, சொந்த ஊர்க்காரர்களாலேயே விசாரிக்கப்பட்டோ விரட்டப்பட்டோ போன வீரர்களின் பெயரில்! வைத்தவர்கள் இதை நினைத்து வைத்திருப்பார்களா? இருக்காது. வீரர்களின் பட்டியல் போட்டால் அதில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்களாக இருப்பது வரலாற்றின் கோளாறு.

எல்லாவற்றுக்கும் மேலாக மலையின் பெயர். பலமீடிஸ், இந்த ஊரின் பெயருக்கு மூலமான நாப்ளியோஸ் மன்னனின் மகன். எழுத்துகள் சிலவற்றையும் தாயக்கட்டையையும் கண்டுபிடித்த அறிவாளி என்று கிரேக்கர்கள் சொல்வார்கள். ட்ராய் போருக்குப் போகாமல் தப்பிக்கப் பைத்தியம் போல நடித்த ஒடிசியஸின் வேஷத்தைக் கலைத்தவன். அந்தப் பகையை ஒடிசியஸ் மறக்கவில்லை. எதிரி மன்னன் பிரியாம் எழுதியது போல ஒரு பொய்க் கடிதம் தயாரித்தான். பலமீடிஸின் கூடாரத்தில் தங்கத்தைப் புதைத்து வைத்தான். "துரோகி" என்று தீர்ப்பாயிற்று. சொந்தப் படையினரே பலமீடிஸைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். ஒரு கடிதத்தை வைத்து ஒரு துரோகக் குற்றம்... 1834-ல் கேட்டது போலவே இல்லையா? பின்னாளில் சாக்ரடீஸ் தனக்கு மரண தண்டனை விதித்த நீதிமன்றத்தில், செத்த பிறகு மறு உலகில் பலமீடிஸைச் சந்திக்கலாம் என்று சொன்னதாக பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். அநியாயத் தீர்ப்புக்கு அடையாளமாகவே கிரேக்கர்கள் அந்தப் பெயரை நினைத்தார்கள்.

பலமீடிஸின் கதையில் இல்லாமல் போனது ஒன்றுதான். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

சிறையும் கில்லட்டினும்

கொலோகோட்ரோனிஸ் வெளியே போன பிறகும் பலமிதி சிறையாகவே தொடர்ந்தது. 1840 முதல் 1926 வரை மில்டியாடிஸ் கொத்தளம் கடும் குற்றவாளிகளின் சிறை. பவேரியர்கள் கொண்டுவந்த கில்லட்டின் இயந்திரத்துக்கும் இந்த மலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிரேக்கர்கள் அந்த இயந்திரத்தையும் அதை இயக்குபவர்களையும் அடியோடு வெறுத்தார்கள். மரண தண்டனையிலிருந்து தப்பிக்கச் சம்மதித்த கைதிகளைத்தான் அந்த வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் அவர்கள் தங்க மக்கள் விடவில்லை. அதனால் கடல் நடுவே இருக்கும் பூர்ட்சி கோட்டையில் குடிவைத்தார்கள். மேலேயிருந்து பார்க்கும்போது தபால் அட்டைப் படம் போல அழகாகத் தெரிகிற அதே குட்டிக் கோட்டைதான்!

ராஜா ஓட்டோவின் கதையும் இந்த ஊரோடு முடிச்சுப் போட்டது. 1862 பிப்ரவரியில் அவருக்கு எதிராக நாஃப்பிலியோவிலேயே கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிவிட்டார்கள். ஆனால் அதே வருடம் அக்டோபரில் நடந்த புரட்சியில் அவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

எது உறுதியான கோட்டை?

கணக்குப் பார்த்தால் பலமிதி ஒரு தோற்ற கோட்டை. வெனிஸ்காரர்களை அது எட்டு நாள்கூட ஒழுங்காகக் காக்கவில்லை. துருக்கியர்களை ஓர் ஏணி தோற்கடித்தது. உலகத்தரமான கொத்தளங்கள் எட்டும், யார் கையில் இருந்தனவோ அவர்களைக் கடைசியில் கைவிட்டன. ஆட்சிக்குழுவும் அதைப் பெரிய சிறையாக்கிப் பார்த்தது. அந்தச் சிறையும் கிழவரை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

அந்த ஊரில் விழாமல் நின்றவர்கள் இரண்டு நீதிபதிகள். அவர்களுக்குப் படை இல்லை, பீரங்கி இல்லை. ஓட்டிலும் தோற்றவர்கள். பிரிவு பிரிவாகச் சட்டம் பேசி ஜெயிக்கவும் முடியவில்லை. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது: பேனாவை எடுக்காமல் இருப்பது. அதைச் செய்தார்கள். கொலோகோட்ரோனிஸ் நல்லவரா கெட்டவரா என்பதல்ல அவர்கள் முன் இருந்த கேள்வி. திரிப்போலிட்சாவை நினைக்கிறவர்கள் அவரை மன்னிக்காமல் இருக்கலாம். அன்று கேட்கப்பட்ட கேள்வி, இந்தக் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது மட்டுமே. நிரூபிக்கப்படவில்லை என்று தோன்றியபோது, தங்களை நியமித்த அரசிடமே முடியாது என்று சொன்னார்கள். பிடிக்காத ஒரு மனிதருக்கும் அந்த நியாயம் கிடைக்கிற இடத்தில்தான் நீதிமன்றம் நீதிமன்றமாக இருக்கிறது.

நாடு அவர்களை மறக்கவில்லை. பொலிசோயிடிஸ் சில வருடத்திலேயே அமைச்சரானார். நாஃப்பிலியோவின் நீதிமன்றக் கட்டடத்தின் முன் இன்று இருவருக்கும் சிலைகள் இருக்கின்றன. ஊர்ப் பூங்காவில் கொலோகோட்ரோனிஸ் வெண்கலக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரின் பெயர் சுற்றுலாப் பயணிகள் யாருக்கும் தெரியாது.

நாஃப்பிலியோவுக்குப் போகிறவர்கள் பலமிதி ஏறுவதற்கு முன் தண்ணீர் பாட்டிலோடு இன்னொன்றையும் மறக்காமல் பார்க்க வேண்டும். 999 படிகளும் ஒரு தெருவின் முனையிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்தத் தெருவின் பெயர் பொலிசோயிடிஸ் தெரு.